எந்தச் சோறு பதம்?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் மொழி. சமையற்கட்டில் பிறந்த இம்முதுமொழி சந்தையிலும் வழக்கு மன்றத்திலும் அரசியல் மேடையிலும் எடுத்தாளப்படுவதை நாம் அறிவோம். ஒன்றைக் கொண்டு பலவற்றை அறியலாம் என்னும் நம்பிக்கை இல்லையேல் மனிதன் ஒரு நாளும் வாழ இயலாது. நெல் வணிகர் மூட்டையில் குத்தூசியைச் செருகி, கையில் வந்த நெல்லைப் பார்த்து நூறு மூட்டைக்கு விலை பேசுகிறார். மருத்துவர் சில துளி இரத்தத்தைச் சோதித்து உடல் முழுவதையும் பற்றித் தீர்ப்புக் கூறுகிறார்.

ஆயினும் அப்பழமொழியைச் சொன்ன தாய் சொல்லாமல் விட்ட நிபந்தனைகள் சில உண்டு. பானையில் இருந்த அரிசி ஒரே நெல்லின் அரிசி. அது ஒரே நீரில், ஒரே நெருப்பில் வெந்தது. அகப்பையால் நன்கு கிளறப்பட்டது. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் ஒரு சோறு பதமாகாது. நம் ஊர்த் திருமணங்களில் தேக்சாவில் சோறாக்கும் பண்டாரியைக் கவனித்தவர்கள் இதனை அறிவார்கள். மேலே கிடக்கும் சோற்றைத் தொட்டுப் பார்த்து அவர் தேக்சாவை இறக்குவதில்லை. நீண்ட கரண்டியை அடிவரை செலுத்தி, ஓரத்தில் ஒரு முறையும் நடுவில் ஒரு முறையும் எடுத்துப் பார்க்கிறார். மேற்சோறு பதமாக இருக்கும்போதே அடிச்சோறு குழைந்து போயிருக்கலாம் என்பது அவருக்குத் தெரியும். எளிதாகக் கைக்கு வருவது மேற்சோறு என்பதும் அவருக்குத் தெரியும்.

மனித மனத்தை ஆராய்வதாகக் கூறும் உளவியல் கலை எந்தச் சோற்றை எடுத்துப் பதம் பார்த்து வந்திருக்கிறது? அந்தச் சோறு எப்படி எடுக்கப்பட்டது? இவ்விரு கேள்விகளையும் ஈண்டு ஆராய விழைகின்றோம். முதற்கேள்வி அறிவைப் பற்றியது, இரண்டாவது அறத்தைப் பற்றியது என்று மேலோட்டமாகத் தோன்றும். ஆராயப் புகுந்தால் இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது புலனாகும். இதனை நாம் நூல்களிலிருந்து மட்டும் அறிந்துகொள்ளவில்லை. நாமே செய்த ஒரு பிழையிலிருந்தும் அறிந்துகொண்டோம். அதனைப் பின்னர் கூறுவோம்.

கைக்கு எட்டியவர்கள்

ஜெர்மனியிலுள்ள லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் என்னும் பேராசிரியர் 1879-ஆம் ஆண்டில் உளவியலுக்கென ஓர் ஆய்வுக்கூடம் நிறுவினார். அங்கே ஆராய்ந்தவர்களும் ஆராயப்பட்டவர்களும் பெரும்பாலும் ஒரே கூட்டத்தினர். பேராசிரியரும் மாணவர்களும் முறை மாற்றி அமர்ந்து தம் உள்ளத்து உணர்வுகளைத் தாமே உற்று நோக்கிக் குறித்தனர். பின்னர் அக்கலை அமெரிக்காவில் வேரூன்றிப் பெருமரமாகியபோது, ஆராய்வோர் தம்மை விட்டு வேறொருவரைத் தேடினர். அவர்கள் நெடுந்தூரம் தேடவில்லை. வகுப்பறையில் முன்வரிசையில் அமர்ந்திருந்த மாணவர்களே அவர்களுக்குப் போதுமானவர்களாக இருந்தார்கள்.

அமெரிக்கப் பல்கலைக் கழகங்கள் பலவற்றில் உளவியலைத் தொடக்கப் பாடமாகப் பயில்வோர் சில ஆய்வுகளில் கலந்துகொள்ள வேண்டும் என்றே விதி உண்டு. விரும்பாதோர் அதற்கு ஈடாகக் கட்டுரை எழுதித் தரலாம். ஆராய்ச்சியாளருக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? அழைத்தால் வருவார்கள், கூலி கேட்க மாட்டார்கள், கேள்வித்தாளைப் படித்துப் புரிந்துகொள்வார்கள். மனித நடத்தையைப் பற்றிய இந்த விஞ்ஞானம் உண்மையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவரின் நடத்தையைப் பற்றிய விஞ்ஞானமாகவே இருக்கிறது என்று க்வின் மெக்நெமார் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1946-லேயே குறைபட்டுக் கொண்டார். அக்குறையைக் கேட்டவர்கள் ஆமென்று தலையசைத்துவிட்டுத் தம் வகுப்பு மாணவர்களையே மீண்டும் அழைத்தனர்.

அறுபது ஆண்டுகள் கழித்தும் நிலை பெரிதும் மாறவில்லை. அமெரிக்க உளவியற் சங்கத்தின் முதன்மையான ஆறு ஆய்விதழ்களில் 2003 முதல் 2007 வரை வெளிவந்த கட்டுரைகளை ஜெஃப்ரி ஆர்னெட் என்பார் கணக்கெடுத்து 2008-இல் வெளியிட்டார். அவற்றில் ஆராயப்பட்டவர்களுள் 100-க்கு 96 பேர் மேலை நாடுகள் முதலான தொழில்வளம் மிக்க நாடுகளைச் சேர்ந்தவர்கள். அமெரிக்கர் மட்டும் 68 பேர். இந்நாடுகளின் மக்களோ உலக மக்களுள் 100-க்கு 12 பேரே. எஞ்சிய 88 பேரின் மனம் எத்தகையது? அதனை எவரும் கேட்கவில்லை. ஆயினும் கட்டுரைகளின் தலைப்பில் 'அமெரிக்க மாணவரின் மனம்' என்று எழுதப்படுவதில்லை. 'மனித மனம்' என்றே எழுதப்படுகிறது.

தருக்க நூலார் கண்ட முதலை

அரபு மதரஸாக்களில் தருக்கம் பயின்றோருக்கு இவ்விடத்தில் ஒரு பழைய பாடம் நினைவுக்கு வரும். தனித்தனிப் பொருள்களை ஆராய்ந்து அவற்றிலிருந்து பொதுவிதி காண்பதை அந்நூல்கள் 'இஸ்திக்ரா' என்று அழைக்கும். அஃது இருவகைப்படும். எல்லாப் பொருள்களையும் ஒன்று விடாமல் ஆராய்ந்து கூறுவது முழுமையானது. அதன் முடிவு உறுதியானது. சிலவற்றை மட்டும் ஆராய்ந்து எல்லாவற்றுக்கும் கூறுவது குறைபட்டது. அதன் முடிவு ஊகமே. இதற்கு எடுத்துக்காட்டாக ஆசிரியர் தலைமுறை தலைமுறையாகக் கூறுவது ஒன்றுண்டு. மனிதனைப் பார்த்தோம், குதிரையைப் பார்த்தோம், ஆட்டையும் மாட்டையும் பார்த்தோம். மெல்லும்போது எல்லாம் கீழ்த்தாடையை அசைக்கின்றன. எனவே எல்லா உயிர்களும் அப்படியே என்று விதி செய்தோம். ஆனால் முதலை மேல்தாடையை அன்றோ அசைக்கிறது!

முதலையைப் பற்றிய செய்தியை இக்கால விலங்கியல் ஏற்பதில்லை. தரையில் கிடந்தவாறு அது தலையைத் தூக்கி வாய் திறப்பதால் மேல்தாடை அசைவதுபோல் தோன்றுகிறது என்பர். உதாரணம் பிழைத்தாலும் அது கற்பித்த நியாயம் பிழைக்கவில்லை. மனிதனும் குதிரையும் ஆடும் மாடும் நம் வீட்டுத் திண்ணைக்கு அருகில் இருப்பவை. முதலையோ ஆற்றின் ஆழத்தில் இருப்பது. நாம் காணாது விட்டதற்கு அது இல்லாமை காரணமன்று. அது நம் அருகில் இல்லாமையே காரணம்.

உளவியலுக்கும் அத்தகைய முதலை ஒன்று எதிர்ப்பட்டது. ஒரே நீளமுள்ள இரு கோடுகளை வரைந்து, ஒன்றின் இரு முனைகளிலும் உள்நோக்கி மடிந்த அம்புத்தலைகளையும், மற்றொன்றின் முனைகளில் வெளிநோக்கி விரிந்த சிறகுகளையும் சேர்த்தால், இரண்டாவது நீண்டதாகத் தோன்றும். முல்லர்-லையர் தோற்றம் எனப்படும் இது மனிதக் கண்ணின் இயல்பே என்று நெடுங்காலம் கருதப்பட்டது. சீகல், கேம்ப்பெல், ஹெர்ஸ்கோவிட்ஸ் என்னும் மூவர் இப்படத்தைப் பல சமுதாயத்தாரிடம் காட்டிய முடிவுகளை 1966-இல் நூலாக வெளியிட்டனர். அமெரிக்கர் மிகுதியாக ஏமாந்தனர். ஆப்பிரிக்காவின் கலஹாரி பாலை நிலத்தில் வாழும் சான் மக்களோ ஏறத்தாழ ஏமாறவே இல்லை. காரணம் யாது என்பதில் அறிஞரிடையே இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. ஆயினும் ஓர் உண்மை விளங்கிற்று. இரு கோடுகளைப் பார்ப்பது போன்ற எளிய செயலிலேயே மனிதர் வேறுபடுவாராயின், அன்பு, அச்சம், நீதி, மானம் ஆகியவற்றில் எல்லோரும் ஒரே பானைச் சோறு என்று எங்ஙனம் கொள்வது?

ஹென்ரிக், ஹைன், நோரென்சயான் என்னும் மூவரும் 2010-இல் வெளியிட்ட கட்டுரையில் இதனினும் ஒரு படி மேலே சென்றனர். மேலை நாட்டுக் கல்வியும் செல்வமும் வாய்ந்த இக்கூட்டத்தினர் மனித குலத்தின் நடுவான மாதிரி அல்லர். பல தன்மைகளில் ஓரத்தில் ஒதுங்கி நிற்பவர்கள் என்று சான்றுகள் காட்டினர். பதம் பார்க்க எடுத்த சோறே பானையில் உள்ள மற்றெல்லாச் சோற்றினின்றும் வேறுபட்டது என்பது அவர்களின் வாதம்.

தாமே முன்வந்தவர்கள்

மாணவரை விட்டு ஊராரை அழைத்தால் இக்குறை தீர்ந்துவிடும் அல்லவா என்று வாசகர் கேட்கலாம். அதனையும் செய்து பார்த்தனர். ஸ்டான்லி மில்கிராம் 1961-இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் பத்திரிகை விளம்பரம் வாயிலாக ஆண்களை அழைத்தார். ஒரு மணி நேரத்துக்கு 4 டாலரும் வழிச்செலவுக்கு 50 சென்டும் தருவதாகக் கூறினார். மாணவர் வேண்டா என்றும் குறிப்பிட்டார். அதிகாரி ஏவினால் மனிதன் பிறருக்கு எவ்வளவு துன்பம் இழைப்பான் என்பது ஆய்வு. மின்னதிர்ச்சி போலியானது; அதனைக் கொடுத்தவர்களோ மெய்யென்றே நம்பினர். முதற்கட்டத்தில் 40 பேருள் 26 பேர் இறுதி அளவுவரை சென்றனர் என்னும் செய்தி உலகை உலுக்கியது. தொழிலாளரும் எழுத்தரும் பொறியாளரும் கலந்திருந்தபடியால், இது கல்லூரி மாணவரின் விளையாட்டு என்று எவரும் தள்ளிவிட இயலவில்லை.

எனினும் விளம்பரத்தைப் பார்த்து வருவோர் ஒரு தனிக்கூட்டம். பத்துப் பேர் படிக்கும் விளம்பரத்துக்கு ஒருவர் வருகிறார் என்றால், வராத ஒன்பது பேர் அவரைப் போன்றவர்தாமா? ரோசென்தால், ரோஸ்னோ என்னும் இருவரும் 1975-இல் இதனைப் பற்றித் தனிநூலே எழுதினர். தாமே முன்வருவோர் பொதுவாக மிகுந்த கல்வியும் பிறரோடு கலந்து பழகும் இயல்பும் பிறருடைய பாராட்டை நாடும் உள்ளமும் உடையவர்கள் என்பது அவர்கள் திரட்டிய ஆய்வுகளின் சாரம்.

1971-இல் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தில் நடந்த சிறைச்சாலைப் பரிசோதனையை வாசகர் அறிந்திருக்கலாம். நாளொன்றுக்கு 15 டாலர் தருவதாக விளம்பரம் செய்து, வந்தவர்களுள் 24 இளைஞரைத் தேர்ந்தனர். யார் காவலர், யார் கைதி என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தனர். காவலராயினோர் கொடுமையில் இறங்கவே, இரண்டு வாரம் நடைபெற வேண்டியது ஆறு நாளில் நிறுத்தப்பட்டது. நல்லவரையும் பதவி கெடுக்கும் என்று உலகம் பாடம் படித்தது. ஆனால் அவ்விளம்பரத்தில் 'சிறை வாழ்க்கை' என்னும் சொற்கள் இருந்தன. 2007-இல் கார்னஹன், மெக்ஃபார்லண்ட் என்னும் இருவர் ஏறத்தாழ அதே விளம்பரத்தை இருவகையாக வெளியிட்டுப் பார்த்தனர். ஒன்றில் சிறை வாழ்க்கை என்னும் சொற்கள் இருந்தன, மற்றொன்றில் இல்லை. அச்சொற்களைப் பார்த்து வந்தவர்களிடம் வன்மையும் பிறரை அடக்கியாளும் விருப்பமும் மிகுந்தும், இரக்கம் குறைந்தும் காணப்பட்டன.

இங்கே நாம் இரண்டு தேர்வுகளை வேறுபடுத்திக் காண வேண்டும். வந்தவர்களைக் குலுக்கிப் போட்டு இரு பிரிவாக்குவது ஒன்று. யார் வருவது என்பதையே குலுக்கிப் போட்டுத் தீர்மானிப்பது மற்றொன்று. முன்னது இரு பிரிவுகளுக்கிடையே பாரபட்சத்தை நீக்கும். வாசலுக்கு வெளியே நின்றுவிட்டவர்களைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. ஸ்டான்போர்டில் குலுக்கல் நடந்தது உண்மையே. ஆனால் அது கதவை மூடிய பின்னர் நடந்த குலுக்கல்.

எண்ணிக்கையைப் பெருக்கினாலும் இது தீராது. அமெரிக்காவில் 1936-ஆம் ஆண்டுத் தேர்தலின்போது 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் பத்திரிகை ஒரு கோடிப் பேருக்கு வாக்குச் சீட்டுகளை அஞ்சலில் அனுப்பி, இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட விடைகளைப் பெற்று, லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. வென்றவர் ரூஸ்வெல்ட்; 48 மாநிலங்களுள் 46 அவர் பக்கம் நின்றன. தொலைபேசியும் மோட்டார் வண்டியும் வைத்திருந்தோரின் பட்டியல்களிலிருந்தே பெயர்கள் பெரிதும் எடுக்கப்பட்டன. ஏழைகளின் வீட்டில் தொலைபேசி இல்லை. அவர்களின் வாக்கு இருந்தது. மேற்சோற்றை ஆயிரம் முறை எடுத்துப் பார்த்தாலும் அடிச்சோற்றின் பதம் தெரியாது.

மறுக்க இயலாதவர்கள்

இதுகாறும் கூறியவை கேட்கப்படாமல் விடப்பட்டோரைப் பற்றியவை. இனி, கேளாமலே எடுத்துக்கொள்ளப்பட்டோரைப் பற்றிக் கூற வேண்டும்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்னும் ஊரில் போர்வீரரின் அநாதைக் குழந்தைகளுக்கென ஏற்பட்ட இல்லம் ஒன்று இருந்தது. 1939-ஆம் ஆண்டின் முற்பகுதியில் அயோவா பல்கலைக் கழகத்தின் வென்டெல் ஜான்சன் என்னும் பேராசிரியரின் மேற்பார்வையில், மேரி டியூடர் என்னும் மாணவி அவ்வில்லத்தின் 22 குழந்தைகளைத் தம் ஆய்வுக்குத் தேர்ந்தார். திக்கிப் பேசும் குறை பிறவியிலேயே வருவதன்று. 'நீ திக்குகிறாய்' என்று பெரியவர்கள் ஓயாமல் சுட்டிக் காட்டுவதால் வருவது என்பது பேராசிரியரின் கொள்கை. அவரே அக்குறையால் வருந்தியவர். பிறர் துன்பம் நீக்கும் எண்ணத்தோடுதான் ஆய்வில் இறங்கினார். அதற்காக, நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஆறு குழந்தைகளிடம் 'உனக்குத் திக்குவாய் தொடங்கிவிட்டது. சரியாகப் பேச முடியாவிட்டால் பேசாதே' என்னும் கருத்தில் பல மாதங்கள் கூறப்பட்டது. அக்குழந்தைகளுக்கு உண்மை தெரியாது. தமக்குச் சிகிச்சை நடைபெறுவதாகவே நம்பினர்.

அக்குழந்தைகளுக்கு உண்மையில் திக்குவாய் உண்டாயிற்றா என்பதில் பின்வந்த ஆய்வாளர்கள் வேறுபடுகின்றனர். ஆனால் அவர்கள் பேச அஞ்சினர், வாயை மூடிக்கொண்டனர், வகுப்பில் ஒதுங்கினர் என்பது அம்மாணவியின் ஏட்டிலேயே பதிவாகியிருக்கிறது. அவர் மனம் வருந்தி, இல்லத்துக்குத் திரும்பச் சென்று அதனை மாற்ற முயன்றார். அவ்வாய்வேடு அச்சேறாமல் பல்கலைக் கழக நூலகத்தில் கிடந்தது. 2001-இல் பத்திரிகை ஒன்று செய்தியை வெளிப்படுத்திய பின்னரே பல்கலைக் கழகம் வருத்தம் தெரிவித்தது. 2007-இல் அயோவா மாநிலம் 9,25,000 டாலர் இழப்பீடு தர இசைந்தது. அதற்குள் அறுபத்தெட்டு ஆண்டுகள் கடந்துவிட்டன.

ஒரு கேள்வி எழுகிறது. டேவன்போர்ட்டிலும் அதன் சுற்றுப்புறத்திலும் தாய் தந்தையரோடு வாழ்ந்த குழந்தைகள் எத்தனையோ பேர் இருந்தார்களே, அவர்கள் ஏன் தேர்ந்தெடுக்கப்படவில்லை? விடை எளிது. அக்குழந்தைகளுக்கு, 'என் பிள்ளையை என்ன செய்கிறீர்கள்?' என்று கேட்க ஆள் இருந்தது. திக்குவாயின் இரகசியம் அநாதைகளின் நாவில் மட்டும் ஒளிந்திருக்கவில்லை. அநாதைகள் கேட்பாரற்றவர்களாக இருந்தனர். ஆதலால் அவர்களே கேட்கப்பட்டனர்.

நாம் செய்த பிழை

பிறர் ஊரின் பிழையைக் கூறிவிட்டு நம் ஊரின் பிழையை மறைத்தல் அழகன்று. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு, நாம் ஆசிரியப் பணியாற்றிய பள்ளிக்கு ஆராய்ச்சி மாணவர் ஒருவர் வந்தார். சிறுவர்களின் தாழ்வு மனப்பான்மையைப் பற்றிய ஆய்வு. பன்னிரண்டு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட நாற்பது சிறுவர்கள் வேண்டும் என்றார். மிகுந்த பணிவுடன் கேட்டார். நாமும் அறிவுப் பணிக்கு உதவுவது கடமை என்று எண்ணினோம். வீட்டிலிருந்து வரும் பிள்ளைகளாயின் ஒவ்வொருவரின் தந்தையிடமும் கையொப்பம் பெற வேண்டும். சிலர் மறுப்பார்கள், சிலர் காரணம் கேட்பார்கள். எனவே நாம் ஒரு யோசனை கூறினோம். 'பள்ளியோடு சேர்ந்த அநாதை நிலையத்தில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அஸர் தொழுகைக்குப் பின் எல்லோரும் அங்கேயே இருப்பார்கள். யாரையும் கேட்க வேண்டியதில்லை' என்றோம்.

யாரையும் கேட்க வேண்டியதில்லை! அச்சொற்களை எவ்வளவு எளிதாகச் சொன்னோம் என்பதை இன்று நினைக்கையில் நெஞ்சம் கூசுகிறது.

மாலையில் பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாக அமர்ந்தனர். தாளில் வாக்கியங்கள் அச்சிடப்பட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆம், இல்லை என்று இரு கட்டங்கள். எங்கோ, எவர் வீட்டுப் பிள்ளைகளுக்காகவோ ஆக்கப்பட்டுப் பின்னர் தமிழாக்கப்பட்ட வினாத்தாள் அது. சற்று நேரத்தில் ஒரு சிறுவன் எழுந்து நம்மிடம் வந்தான். தந்தை தன்னைப் பற்றிப் பெருமைப்படுகிறார் என்னும் பொருளில் இருந்த ஒரு வாக்கியத்தின்மீது விரலை வைத்துக்கொண்டு, 'ஹஜ்ரத், வாப்பா மௌத்தானவங்க இதுக்கு என்ன போடணும்?' என்று கேட்டான்.

நாம் சொன்ன விடை இது: 'ஏதாவது ஒன்றைப் போடு.'

அவன் திரும்பிச் சென்று ஒரு கட்டத்தில் குறியிட்டான். ஆம் என்று இட்டானா, இல்லை என்று இட்டானா, நாம் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் அமர்ந்திருந்த பிள்ளைகளும் நம் விடையைக் கேட்டுக்கொண்டிருந்தனர். தாள்கள் கட்டப்பட்டுப் போயின. அவை எண்ணப்பட்டிருக்கும், கூட்டிக் கழித்துச் சராசரி காணப்பட்டிருக்கும், இவ்வயதுச் சிறுவரின் மனம் இன்னது என்று எங்கோ ஓர் ஏட்டில் எழுதப்பட்டிருக்கும். அச்சராசரியில் நம் பிள்ளையின் 'ஏதாவது ஒன்று'ம் கலந்திருக்கிறது.

அறமும் அறிவும் ஒரே வேரில் கிளைத்தவை என்று தொடக்கத்தில் கூறியது இதனை எண்ணியே. மறுக்க இயலாதவன் தரும் விடை, விடை ஆகாது. அவன் தன் மனத்தை எழுதுவதில்லை. தன் மேலுள்ளோர் எதை விரும்புவர் என்று ஊகித்து எழுதுகிறான். அவனை வற்புறுத்தியது அவனுக்குச் செய்த அநீதி; அந்த விடையை மெய்யென்று எண்ணியது அறிவுக்குச் செய்த அநீதி. அரபு மொழியில் 'அத்ல்' என்னும் சொல் நீதியைக் குறிக்கும். சாட்சியம் ஏற்கத் தக்க நேர்மையாளரையும் அதே சொல் குறிக்கும். செய்தியை ஏற்குமுன் 'சொன்னவர் யார்?' என்று கேட்ட ஹதீஸ் கலைவாணர், அறிவிப்பாளர்களின் வரலாற்றைத் தனி இயலாகவே வளர்த்தனர். தமிழிலும் அரசன் முறை செய்வது செங்கோல், தச்சன் அளப்பது அளவுகோல். இரண்டும் கோலே. கோல் கோணினால் முறையும் கோணும், அளவும் கோணும்.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

'இவ்வளவு நுணுக்கம் பார்த்தால் ஆராய்ச்சியே நடவாது. உலக மக்கள் அனைவரையும் கேட்க எவரால் இயலும்? கைக்கு எட்டியவரைக் கொண்டு தொடங்குவதே எல்லாக் கலைக்கும் இயல்பு' என்று அறிஞர்கள் கூறுவர். இக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. பொருளும் காலமும் குறைந்த இளம் ஆய்வாளரிடம் கலஹாரிக்குச் செல் என்று கூறுவது நியாயமன்று. கண் எவ்வாறு ஒளிக்கு இசைகிறது என்பன போன்ற ஆய்வுகளில் வகுப்பு மாணவரே போதுமானவராகவும் இருக்கலாம்.

மற்றொன்றையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். அநாதைகளையும் சிறுவர்களையும் சிறைப்பட்டோரையும் ஆய்விலிருந்து அறவே விலக்கி வைப்பதும் நீதியாகாது. அவர்களைப் பற்றி எதுவும் அறியப்படாவிட்டால், அவர்களின் துன்பத்துக்கு மருந்தும் காணப்படாது; பிறருக்கென வெட்டிய சட்டையே அவர்களுக்கும் மாட்டப்படும். அமெரிக்காவில் 1974-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ் அமைந்த குழு 1979-இல் வெளியிட்ட பெல்மாண்ட் அறிக்கை இதனை நன்கு உணர்ந்து கூறியது. மனிதரை மதித்தல், நன்மை பயத்தல், நீதி என்னும் மூன்று தத்துவங்களை அது வகுத்தது. அவற்றுள் நீதியை, ஆய்வுக்கு உட்படுவோரைத் தேரும் செயலோடு இணைத்தது. ஒரு கூட்டத்தார் எளிதில் கிடைக்கிறார்கள், வசப்படுத்தத் தக்கவர்களாய் இருக்கிறார்கள் என்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்படலாகாது; ஆராயும் பொருளோடு அவர்களுக்குத் தொடர்பு இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. திக்கிப் பேசும் அநாதையை, அவன் திக்கலைத் தீர்ப்பதற்காக, அவன் நலம் நாடும் காப்பாளரின் இசைவோடு ஆராய்வது வேறு. நன்றாகப் பேசும் அநாதையை, அவன் அநாதை என்பதால் எடுத்துக்கொள்வது வேறு.

இன்று வகுப்பறை விரிந்து இணையமாகிவிட்டது. சில காசுகளுக்கு வினாத்தாள் நிரப்பித் தரும் ஆயிரக்கணக்கானோரை ஒரே இரவில் திரட்டிவிடலாம். கை நீண்டிருக்கிறது, ஆனால் கைக்கு எட்டியவரையே எடுக்கும் பழக்கம் மாறவில்லை. ஆகவே ஆய்வு செய்வோரும் ஆய்வு முடிவைப் பத்திரிகையில் படித்து வியப்போரும் மூன்று கேள்விகளைக் கேட்டல் நலம். கேட்கப்பட்டவர்கள் யாவர்? கேட்கப்படாதவர்கள் யாவர், ஏன்? கேட்கப்பட்டவர்கள் 'மாட்டேன்' என்று சொல்லியிருக்க முடியுமா? முதல் இரண்டுக்கும் விடை தெரிந்தால், முடிவு எவ்வளவு தூரம் செல்லும் என்பது விளங்கும். மூன்றாவதற்கு விடை 'முடியாது' என்பதாயின், அம்முடிவு எங்கும் செல்லத் தகாதது.

உளவியலாளரிடம் நாம் வேண்டுவது பெரிதன்று. எந்தப் பானையில், எந்த இடத்தில், எப்படி எடுத்த சோறு என்பதைச் சொல்லுங்கள். அந்த அளவுக்கு மட்டும் பேசுங்கள். நியூ ஹேவன் ஆண்களை ஆராய்ந்தால் நியூ ஹேவன் ஆண்கள் என்று எழுதுங்கள். அதனால் கலைக்கு இழிவு வந்துவிடாது. தன் முடிவு ஊகம் என்பதை உணர்ந்து ஊகம் என்றே கூறிய தருக்க நூலாருக்கு இழிவு வந்ததில்லை.

நம்மைப் போன்ற ஆசிரியர்களிடமும் காப்பாளர்களிடமும் வேண்டுவது அதனினும் சிறிது. பிள்ளைகளுக்காக நாம் 'சரி' என்று சொல்லுமுன், அவர்களுக்கு ஒரு தந்தை இருந்தால் அவர் என்ன கேட்பாரோ அதனை நாம் கேட்க வேண்டும். ஏன் இப்பிள்ளைகள்? இதனால் இவர்களுக்கு என்ன? விரும்பாதவன் எழுந்து போகலாமா? அன்று நாம் இம்மூன்றையும் கேட்டிருந்தால், அந்த ஆராய்ச்சி மாணவர் ஒருவேளை வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து, தந்தையரின் கையொப்பம் பெறச் சில நாட்கள் அலைந்திருப்பார். அவருடைய ஏடும் இன்னும் உண்மையானதாக அமைந்திருக்கும்.

அச்சிறுவன் இன்று முப்பது வயது கடந்தவன். வெளிநாட்டில் வேலை செய்கிறான். விடுமுறையில் ஊருக்கு வந்தால் நம்மைக் காண வருவான். அந்த மாலைப் பொழுது அவனுக்கு நினைவிருக்கிறதா என்று நாம் கேட்டதில்லை. அவன் கேட்ட கேள்விக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய விடை மட்டும் நமக்கு இப்போது தெரியும். 'இந்தக் கேள்வி உனக்காக எழுதப்பட்டதன்று, தம்பி. இதனை விட்டுவிடு. விரும்பினால் தாளையே கொடுத்துவிட்டு விளையாடப் போ.' அதனை அவனிடம் சொல்லும் நாளை எதிர்நோக்கியிருக்கின்றோம்.